கருப்பூரணித் தீயணைப்பு வண்டிகளும் ஓர் அடிக்குறிப்பும்

ஓய்வு பெற்ற தீயணைப்பு வண்டிகளுள் எது முதலில் கொட்டகையை விட்டுப் புறப்பட்டது என்பதில் கருப்பூரணியில் மூன்று கூற்றுகள் வழங்குகின்றன. தண்ணீர் லாரிதான் முதலில் புறப்பட்டது என்று மேலத்தெரு சொல்லும்; ஜீப்புதான் என்று கீழத்தெரு சொல்லும்; இரண்டும் ஒரே நேரத்தில்தான் கிளம்பின, ஆனால் கொட்டகை வாசலில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு மரியாதையாக நின்றுகொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது என்று நடுத்தெரு சொல்லும். இரண்டிலுமே எஞ்சின் இல்லை என்பதில் மூன்று தெருக்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகையால் அதைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் எனக்கு வேலையும் இல்லை.

கருப்பூரணி தீப்பெட்டி செய்கிற ஊர்; தொழிற்சாலைக்கு இங்கே ஆபீஸ் என்று பெயர். அரசுத் தீயணைப்பு நிலையம் இருபத்திரண்டு மைலுக்கு அப்பால் இருந்த நாள்களில், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளும் அந்த ஆபீஸ்களில் குச்சி அடுக்கியவர்களும் கூடித் தங்களுக்கென்று ஒரு தொண்டர் படையை அமைத்துக்கொண்டார்கள். மணி அடித்ததும், சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தோடும் ஜவுளிக்கடைக்காரர் கையில் அளவுகோலோடும் ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொள்வார்கள் என்பது எல்லா வடிவங்களிலும் மாறாமல் வருகிற செய்தி. படைக்கு மூன்று வண்டிகள். யுத்த காலத்து லாரியை மாற்றிக் கட்டிய, நெற்றியில் பித்தளை மணியும் முதுகில் சிறு தொட்டியும் வைத்த முதல் வண்டிக்குப் பெரியவர் என்று பெயர். தண்ணீர் சுமக்கும் இரண்டாவது வண்டி தண்ணிக்காரி. பம்பை இழுத்துச் செல்லும் ஜீப்பு குட்டையன். பிற்பாடு ஊருக்கே அரசு நிலையம் வந்து, படை கலைந்து, எஞ்சின்கள் கழற்றப்பட்டுக் கிணறுகளுக்குப் போய்ச் சேர, மூன்று உடல்களும் சந்தைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் நிறுத்தப்பட்டன. கொட்டகையைப் பார்த்துக்கொண்ட சீனிச்சாமி வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டி மூன்றுக்கும் சந்தனம் வைத்துவந்தார். பெரியவரின் எஞ்சின் இருந்த இடத்தில் மைனா குஞ்சு பொரித்திருந்தபடியால் அந்தப் பக்கம் மட்டும் தட்டமாட்டார்.

நான் வாய்மொழிக் கதைகளைத் தொகுப்பவன். ஒரே கதையை நாற்பது பேரிடம் கேட்டு, நாற்பதும் எங்கெங்கே பிரிகின்றன என்று குறித்து, பிரியாத ஒன்றைத் தேடி ஆயுளைக் கழித்தவன். முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் இவ்வூரின் தீக்கதைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினேன். அதற்குத் திருத்திய பதிப்பு வேண்டும் என்று உலகில் ஒருவரும் கேட்காத நிலையில் நானே கேட்டுக்கொண்டு, பணி ஓய்வுக்குப் பின் இவ்வூர்த் தபாலாபீஸ் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து, மேசையோடும் ஒலிநாடாப் பெட்டிகளோடும் வந்து அமர்ந்தேன். சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பழைய கம்பவுண்டர் அருணகிரி, நான் வற்புறுத்தியதன்பேரில், தம் வீட்டு வைக்கோற்படப்பு எரிந்த கதையைச் சொல்லி முடித்தபோது, தெருவில் தண்ணிக்காரி வந்து நின்றாள். குழாய் தானே திரும்பி, ஐம்பது வருடங்களுக்கு முன் படப்பு இருந்ததும் இப்போது கம்பவுண்டர் மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்பதுமான இடத்தில் தொட்டி தீரும்வரை பீய்ச்சியடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை கழுவலாம்னு இருந்தேன்" என்றார் மருமகன். "வேலை மிச்சம்."

ஆகவே நான் கண்ணால் கண்டது தண்ணிக்காரியைத்தான். ஆனால் கண்ணால் கண்டவனின் கூற்றும் என் துறையில் ஒரு வடிவம் மட்டுமே என்பதால், மற்ற இரண்டையும் தள்ளிவிடத் துணியவில்லை.

பதினைந்து நாளில் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. யாராவது ஒரு பழைய தீயைப் பற்றிச் சொன்னால், சொல்லப்பட்ட இடத்துக்கு வண்டி வரும். தொட்டியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் ஆராயவில்லை; அது உப்பா, நல்ல தண்ணீரா என்று மட்டும் நாக்கில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல தண்ணீர். மழை பொய்த்து நான்காவது வருடம் அது. அதன்பிறகு கருப்பூரணியின் சரித்திரத்தில் எரியாத இடமே இல்லை என்றாயிற்று. மிளகாய்த் தோட்டங்கள் எரிந்தன, பருத்திக் காடுகள் எரிந்தன, எந்நாளும் யாரும் குடியிராத பொட்டல்களில் மாடிவீடுகள் எரிந்தன, ஒவ்வொன்றையும் அந்தந்த நிலத்துக்காரர் வரப்பில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்ல, குடங்களோடு பெண்கள் முன்கூட்டியே வரிசையில் நின்றார்கள். சலூனில் 'தீ விபத்து பேசக் கூடாது' என்று பலகை தொங்கியது, ஏனெனில் பேச்சுவாக்கில் குட்டையன் இரண்டு முறை உள்ளே வரப் பார்த்தான். தீக்கதை சொல்ல விரும்புவோர் ஒருநாள் முன்னதாக வார்டு உறுப்பினரிடம் தெரிவிக்க வேண்டும் என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் "ஒங்காத்தா வீடு பத்தி எரிஞ்சப்பவே நான் முழிச்சிருக்கணும்" என்று ஒருவர் கத்தியதன் விளைவாக, ஒரு பாவமும் அறியாத மாமியார் கட்டிலோடு நனைந்தார்.

அந்தக் கோடையில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு புதிய வடிவங்களைப் பதிவு செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு விளைச்சலை நான் கண்டதில்லை. வறட்சிக் காலத்தில் ஒரு சமூகத்தின் ஆழ்மனம் நெருப்பை நோக்கித் திரும்புவது ஏன் என்பது குறித்து முப்பத்தெட்டுப் பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதி, அதை முதலில் கதை சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டுவது முறை என்று கருதி, மிளகாய் போட்டிருந்த வேலாயுதப்பெருமாளின் தோட்டத்துக்குப் போய் வாசித்தேன். அவர் பொறுமையாகப் பன்னிரண்டாம் பக்கம்வரை கேட்டார்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. மொளகாய்க்குத் தண்ணி வேணும். அம்புட்டுத்தான்."

"அப்படியானால் உங்கள் பாட்டனார் வீடு எரிந்தது?"

"எங்க பாட்டனுக்கு வீடே கெடையாது சார்."

கட்டுரையை நான் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பயன்படுத்திக்கொண்டேன்.

வண்டிகள் உண்மை பொய் பார்ப்பதில்லை என்பது இதனால் விளங்கும். அவை பார்த்தது வேறொன்று. ஒருநாள், சோதித்துப் பார்க்கும் பொருட்டு, என் நூலிலிருந்தே ஒரு கதையைக் கொட்டகையில் நின்று உரக்க வாசித்தேன். ஒரு வண்டியும் அசையவில்லை. சீனிச்சாமி தகரத்தில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"அண்ணே, அடிச்சுச் சொல்லணும். நீங்க 'எனலாம்', 'போலும்', 'கருத இடமுண்டு'ன்னு இழுக்கீங்க. அதுக பாவம், கெளம்பலாமா வேண்டாமான்னு முழிக்குதுக."

இனிச் சொல்ல வேண்டியது பெரியவரைப் பற்றி. பெரியவர் மிளகாய்க்கெல்லாம் வருவதில்லை. வடக்கு ஆபீஸ் தீயைச் சொன்னால் மட்டுமே அவர் வெளியேறுவார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி நண்பகலில், வடக்குத் தீப்பெட்டி ஆபீஸின் குச்சி காயப்போடும் களத்தில் தீப்பிடித்தது. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மற்ற இரு வண்டிகளும் பழுதுபார்க்கப் போயிருக்க, பெரியவர் அரைமணி நேரம் பிந்தி வந்ததால் ஆபீஸ் முழுவதும் எரிந்து, இருநூறு குடும்பங்கள் நான்கு மாதம் வேலையில்லாமல் கிடந்தன. வண்டியை ஓட்டிய தவசிமுத்துவைப் படையிலிருந்து நீக்கினார்கள். கொட்டகைச் சுவரில் தொண்டர்கள் பெயர் பொறித்த கல்லில் அவர் பெயர் இல்லை. அவர் ஏன் பிந்தினார் என்பதற்கு ஊர் ஒரே குரலில் பதில் சொல்லும்: மீனலோசனி டாக்கீஸில் பகல் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அந்தக் கதையை யார் சொன்னாலும், பெரியவர் கொட்டகையை விட்டு மெதுவாக வந்து, அந்த டாக்கீஸ் இருந்ததும் இப்போது மீனலோசனி மகால் என்னும் கல்யாண மண்டபம் இருப்பதுமான இடத்தின் வாசலில் அரைமணி நேரம் சும்மா நிற்பார். பிறகு திடுக்கிட்டவர்போல் மணியடித்துக்கொண்டு வடக்கே ஓடுவார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதற்காகவே கதையைச் சொல்வார்கள். வண்டி வந்து நின்றதும், "தவசிமுத்து டிக்கெட் எடுத்துட்டாரு!" என்பார் ஒருவர். "இடைவேளைக்கு முறுக்கு வாங்கக் கெளம்பிட்டாருப்பா, வழி விடுங்க!" என்பார் இன்னொருவர். மண்டபத்துக்கு எதிரே பூக்கடை வைத்திருந்த பொன்கனி, தவசிமுத்துவின் ஒரே மகள், தலை நிமிராமல் மாலை கட்டிக்கொண்டிருப்பார். ஒரு முகூர்த்த நாளில் ஐந்து முறை அவர் அதைக் கேட்டதை நான் எண்ணியிருக்கிறேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். எழுந்து போய் நிறுத்துவது பழக்கமில்லை.

ஆவணி பிறந்ததும் ஒரு காலையில் பொன்கனி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், வர்ற வெள்ளிக்கிழமை எம்மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த மகால்லதான். வேற எடம் கெடைக்கல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெளியூரு. அவங்க முன்னால எங்கப்பா வண்டி வந்து நின்னு, ஊரே சிரிச்சா, எம்மக தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் தட்டு வாங்கணும்."

"அன்றைக்கு மட்டும் யாரும் சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டால்..."

"விசேஷ வீட்டுல வேற என்னத்த சார் பேசுவாங்க?" அவர் என் மேசையைப் பார்த்தார். "எங்கப்பா படத்துக்குப் போகல. நான் அப்பவே ஒங்ககிட்டச் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு, சின்னதா எழுதிக்கிட்டீங்க. என்ன எழுதுனீங்க?"

அவர் போனபின் தேடினேன். கிடைத்தது. 'தகவலாளி 9. உறவினர். நிகழ்வின்போது வயது ஒன்பது. தனிச்சான்று. விலக்குக.' என் கையெழுத்து அந்த நாளில் மிகவும் அழகாக இருந்தது.

விலக்கியது சரிதானா என்று பார்ப்பதற்காக, என் முறைப்படி, பழையதும் புதியதுமான ஒலிநாடாக்களையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். நூல் வெளிவருவதற்கு முன், பொன்கனியைத் தவிர எட்டுப் பேர் இந்தக் கதையைச் சொல்லியிருந்தார்கள். எட்டிலும் வண்டி பிந்தி வருகிறது. ஒன்றிலும் டாக்கீஸ் இல்லை. நூலுக்குப் பின் சொன்ன முப்பத்திரண்டு பேரிடமும் டாக்கீஸ் இருக்கிறது. அதிலும், பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஒரு குச்சி அடுக்கும் அம்மாள், "ஈண்டு தவசிமுத்து படம் பாக்கப் போயிட்டான்" என்கிறார். 'ஈண்டு' என்று கருப்பூரணியில் யாரும் எதற்கும் சொல்வதில்லை. நான் சொல்வேன். நூலின் நூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினேன். அடியில், பொடி எழுத்தில்: 'தாமதத்துக்கான காரணம் தெரியவில்லை. அந்நேரம் அவ்வூர்த் திரையரங்கில் பகல் காட்சி நடந்திருக்கலாம் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.'

நோக்கியிருக்கிறார்கள். நூல் மொத்தம் பதினெட்டுப் பிரதிகள்தான் விற்றது. அவற்றுள் ஒன்று எப்படியோ இவ்வூர் வாசகசாலைக்கு வந்து, ஒருவர் படித்து, டீக்கடையில் சொல்லி, அங்கே 'நடந்திருக்கலாம்' உதிர்ந்து, காட்சி மட்டும் நின்றுவிட்டது. என் வாழ்நாள் எழுத்தில் மக்கள் வாயில் உயிரோடு வாழ்வது அந்த ஒரு வரிதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். சீனிச்சாமியும் பொன்கனியும் இருந்தார்கள். பெரியவர் முன் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன்.

"வடக்கு ஆபீஸ் தீ தொடர்பாகக் கிடைக்கும் நாற்பத்தொரு வடிவங்களுள், இதுகாறும் விலக்கப்பட்டிருந்த ஒன்பதாம் வடிவம், ஒப்பீட்டளவில் நம்பகமானது எனக் கருத இடம்..."

மைனா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. வேறு அசைவில்லை.

"அண்ணே, இழுக்கீங்க" என்றார் சீனிச்சாமி.

மறுபடி தொடங்கினேன். "பொன்கனி அவர்களின் கூற்றுப்படி, அவருடைய தந்தையார்..."

"ஏன் சார் எம்மேல போடுறீங்க?" என்றார் பொன்கனி. "நான் சொன்னா எம்பொண்ணு நிச்சயத்துக்காகச் சொல்றேன்னு ஊரு சொல்லும். ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியாட்டி வீட்டுக்குப் போங்க, எனக்கு நாளைக்கு நாலு மாலை கட்டணும்."

அப்போது நான் சொன்னேன். சாட்சி இல்லாமல், எண் இல்லாமல், என் வாயால் ஒரு கதையை முதன்முறையாகச் சொன்னேன். முந்தின நாள் ஊர்வலத்துக்குப் புழுதி அடங்க வேண்டும் என்று படைத் தலைவர் சொன்னதன்பேரில் பெரியவரின் தொட்டித் தண்ணீர் முழுவதையும் தெருவில் தெளித்துவிட்டு ஒருவரும் திரும்ப நிரப்பவில்லை, மணி அடித்ததும் முதல் ஆளாக வந்த தவசிமுத்து தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்தார், அது வெறுமையாகச் சத்தமிட்டது, தண்ணீரில்லாமல் போய் மணியடித்தால் நெருப்பு அணையாது என்று அவர் மற்றவர்களுக்குக் காத்திராமல் தனியே ஊரணிக்கு விட்டார், பங்குனி ஊரணியில் தண்ணீர் நடுக்குழியில் கிடந்தது, நான்கு குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி இறக்கினார், அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த ஒன்பது வயது மகள் தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி, குழாயின் சல்லடை வாய் புதையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், அரைமணி நேரம் பிடித்தாள், தொட்டி நிறைந்தது, அவர் போனார். டாக்கீஸில் அவர் காலடி படவில்லை. டாக்கீஸை எழுதியவன் நான். யாரும் எனக்குச் சொல்லவில்லை. இடம் காலியாக இருந்தது, நான் நிரப்பினேன்.

பித்தளை மணி ஒருமுறை அசைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாமதங்களைத் துல்லியமாகக் குறிக்காமல் எதையும் முடிக்கத் தெரியாத பழக்கத்தால், "ஆகவே தவசிமுத்துவின் வண்டி ஊரணியில் பிந்தியது அரைமணி நேரம், என் மேசையில் பிந்தியது முப்பத்தோர் ஆண்டு" என்றேன். இடம் குறிப்பிடாத தகவல் பயனற்றது என்று மாணவர்களுக்கு முப்பது வருடம் கற்பித்த வாய், தானாகவே, "தபாலாபீஸ் தெரு, கதவு எண் பதினான்கு" என்று சேர்த்தது.

பெரியவர் புறப்பட்டார். ஊரணி இருந்த இடம் இப்போது பேருந்து நிலையம். நேராக அங்கே போய், இரண்டு டவுன் பஸ்களுக்கு நடுவில் நின்று, உறிஞ்சுகுழாயை சிமென்ட் தரையில் இறக்கினார். குழாய் எதையோ உறிஞ்சத் தொடங்கியது. "பெரியவர் ரூட் மாறிட்டாரே!" என்று ஒரு கண்டக்டர் கத்த, கூட்டம் கூடிற்று. பொன்கனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் குழாயின் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அரைமணி நேரம் அந்த ஊர் ஒரு பூக்கடைக்காரம்மாள் குழாய் பிடிப்பதை நின்று பார்த்தது. பஸ்களும் நின்று பார்த்தன. முடிவில் அவருடைய முழங்கால்வரை சேறு இருந்தது.

பிறகு வண்டி மீனலோசனி மகாலைக் கடந்தது. நிற்கவில்லை. வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த வாளியோடு திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்த பொன்கனி நடையை நிறுத்தி, வண்டி கடந்து போன அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வண்டி தபாலாபீஸ் தெருவில் திரும்பி, பதினான்காம் எண் வீட்டு வாசலில், படியை அடைத்துக்கொண்டு நின்றது.

இன்றுவரை நிற்கிறது. நான்கு மாதம் ஆகிறது. கணக்குப்படி இன்னும் முப்பது ஆண்டும் எட்டு மாதமும் உண்டு. எனக்கு வயது எழுபத்து நான்கு. வேறு யார் வடக்கு ஆபீஸ் கதையைச் சொன்னாலும் பெரியவர் நகர்வதில்லை. ஏற்கெனவே ஒரு கதைக்கு நடுவில் இருக்கிறார். வீட்டுக்குள் பக்கத்து வீட்டுச் சந்து வழியாகப் போய்வருகிறேன். கீரைக்காரர், தபால்காரர், வழி தவறியவர் என்று யார் வந்தாலும் வண்டி ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள். நான் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறார்கள்: பதினொரு வடிவங்கள் கிடைத்துள்ளன. வாடகை தராததற்காக வீட்டுக்காரர் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது ஒன்று. எனக்கு நெஞ்சில் எரிச்சல் அதிகம் என்பது இன்னொன்று.

வண்டி வந்து நின்ற மூன்றாம் நாள், நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை, பொன்கனி, மகளையும் மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேரையும் அழைத்துக்கொண்டு தெருவில் வந்தார். எல்லாரும் பெரியவரைச் சுற்றிவந்து பார்த்தார்கள்; மாப்பிள்ளையின் அம்மா மணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்கப்பா ஓட்டுன வண்டி" என்றார் பொன்கனி.

"ஏன் மதினி, இந்த வீட்டு வாசல்ல நிக்குது?" என்று கேட்டார் அந்த அம்மா.

பொன்கனி, சந்து முனையில் காப்பி டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்தார். "சார் சொல்லுவாரு" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். தொட்டி வெறுமையாகச் சத்தமிட்ட இடத்திலிருந்து, பொடி எழுத்து வரி வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னேன். நடுவில் எனக்கு இருமல் வந்தது; அதை அவர்கள் தயக்கம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்று, கண்ணில் நீர் முட்ட, முடியும்வரை அடக்கிக்கொண்டேன்.